மணி அடித்தால் யாரென்று பார்த்து எடுப்போம்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"வருஷா வருஷம் ஹாஸ்டல் கதையே பேசிக்கிட்டு இருக்கோம். வீட்டுக்குப் போனதும் பயன்படுற மாதிரி ஏதாவது பேசுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே மிகச் சாதாரணமான ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். வீட்டில் மேஜை மேல் வைக்கும் வயர் போன். அதிலும், கூப்பிடுகிறவருடைய நம்பர் ஒரு சின்னக் கண்ணாடியில் தெரியுமே, அந்தக் காலர் ஐடி போன். அதை எப்படி வாங்குவது, எப்படி மாட்டுவது, எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் என் பேச்சு.

சிலர் சிரிப்பது தெரிகிறது. ஆளுக்கு இரண்டு செல்போன் வைத்திருக்கிற காலத்தில் இது என்ன பழைய பஞ்சாங்கம் என்று நினைக்கலாம். நான் உங்களுக்காகப் பேசவில்லை. கிராமத்தில், கீரனூரிலும் ஆலங்குடியிலும் திருமயத்திலும் அறந்தாங்கிப் பக்கத்திலும், தனியாக இருக்கிற நம் அப்பா அம்மாவுக்காகவும் அப்பத்தா அம்மாச்சிக்காகவும் பேசுகிறேன். நம்மில் பாதிப் பேர் சென்னையில், மீதிப் பேர் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில். வீட்டில் இருப்பது எழுபது, எண்பது வயசுப் பெரியவர்கள். விரல் காய்ந்துபோயிருப்பதால் தொடுதிரை அவர்கள் சொன்னபடி கேட்பதில்லை. சார்ஜ் போட மறந்துவிடுகிறார்கள். எதையோ தொட்டு சத்தத்தை அணைத்துவிடுகிறார்கள். நாம் பத்து தடவை அடித்தும் எடுக்கவில்லை என்றால் இங்கே நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. எடுத்தால் பேச்சு, வைத்தால் முடிந்தது என்று இருக்கிற பழைய போன் அவர்கள் கைக்குப் பழகிய சாமான்.

இன்னொரு காரணமும் உண்டு. பிராட்பேண்ட் ஃபைபர் இணைப்பு இப்போது நம் ஊர்ப்புறங்களுக்கும் வந்துவிட்டது. அதோடு சேர்த்து ஒரு லேண்ட்லைன் நம்பரும் தருகிறார்கள். பல வீடுகளில் மோடத்தின் பின்பக்கம் போன் மாட்டும் துளை காலியாகவே கிடக்கிறது. அதில் ஒரு போனை மாட்டினால் போதும்.

நண்பர்களே, போன் மணி அடித்தால் யார் என்று தெரியாமலே எடுத்த தலைமுறை நாம். நம் வீட்டில் போன் இருந்ததா என்பதே வேறு விஷயம். 1990-களில் அச்சடித்த கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள். போன் நம்பருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பி.பி. என்று இருக்கும். பக்கத்து வீட்டு நம்பர் என்று அர்த்தம். அங்கே மணி அடித்து, அந்த வீட்டுப் பிள்ளை ஓடிவந்து கூப்பிட்டு, நம் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவார். மஞ்சள் எழுத்து எஸ்.டி.டி. பூத்தில், கட்டணம் குறையும் இரவு நேரத்துக்காக வரிசையில் நின்றோம். மீட்டரில் சிவப்பு எண் ஓட ஓடப் பேச்சைச் சுருக்கினோம்.

இந்தியாவில் ஆபரேட்டர் துணை இல்லாமல் வெளியூருக்கு நேராக டயல் செய்யும் எஸ்.டி.டி. முதன்முதலில் 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே வந்தது. கிராமங்களுக்கு அது எட்ட நெடுநாள் ஆனது. 1984-ல் சி-டாட் நிறுவனம் தொடங்கப்பட்டு, நம் நாட்டு வெயிலுக்கும் தூசிக்கும் தாங்கும்படி, குளிர்சாதனம் இல்லாமலே இயங்கும் சிறிய கிராம எக்ஸ்சேஞ்சுகளை வடிவமைத்தது. அவை ஊர் ஊராக வந்த பிறகுதான் கிராமத்துப் போன் நிலைமை மாறியது. பழைய இயந்திர எக்ஸ்சேஞ்சில் டக் டக்கென்று சுவிட்சுகள் நகர்ந்து இரண்டு வயரை இணைக்கும். அவ்வளவுதான். கூப்பிட்டவர் நம்பரை எடுத்த வீட்டுக்குச் சொல்ல அதற்குத் தெரியாது. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் வந்து, கூப்பிடுகிறவர் நம்பரும் அழைப்போடு சேர்ந்தே பயணம் செய்ய ஆரம்பித்த பிறகுதான் காலர் ஐடி சாத்தியமாயிற்று.

இப்போது அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எக்ஸ்சேஞ்ச் நம்பரை அனுப்ப இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று டி.டி.எம்.எப். நாம் பொத்தானை அழுத்தும்போது கேட்கும் 'பீங் பீங்' ஓசை இருக்கிறதே, அதே ஓசைகளால் நம்பரைச் சொல்லும். பெரும்பாலும் முதல் மணிக்கு முன்பே சொல்லிவிடும். இன்னொன்று எப்.எஸ்.கே. இதில் முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் நம்பர் வரும். நம் லைனில் ஒரு முறையில் வந்து, நம் போனுக்கு இன்னொரு முறைதான் தெரியும் என்றால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. அதனால் கடையில் கேட்கும்போது "எப்.எஸ்.கே., டி.டி.எம்.எப். ரெண்டும் எடுக்குமா?" என்று கேட்டு, அட்டைப்பெட்டியிலும் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இதிலிருந்து ஒரு பழக்கத்தையும் கற்றுக்கொள்ள வேண்டும். மணி அடித்த உடனே பாய்ந்து எடுத்தால் நம்பர் வந்து சேர நேரம் இருக்காது. "காலர் ஐடி ரிப்பேர்" என்று சொல்லும் பல வீடுகளில் ரிப்பேர் ஒன்றும் இருக்காது, அவசரம்தான் காரணம். இரண்டு மணி அடிக்கட்டும். கண்ணாடியைப் பாருங்கள். பிறகு எடுங்கள். இந்த ஒன்றைத்தான் பின்னால் மறுபடியும் வலியுறுத்தப் போகிறேன்.

போன் வாங்கும்போது இன்னும் சிலவற்றைப் பாருங்கள். பொத்தான் பெரிதாக, எண் தடித்த எழுத்தில் இருக்க வேண்டும். கண்ணாடி சாய்ந்து நிமிர்ந்து நிற்கிற மாதிரி இருந்தால் பெரியவர்களுக்குக் குனிய வேண்டாம். மணியின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி வேண்டும். ஒரே பொத்தானில் ஒரு நம்பரைப் போட்டுவைக்கும் நினைவு வசதி இருந்தால் மிக நல்லது. ஸ்பீக்கர் இருந்தால் காது மந்தமானவர்களுக்கு உதவும்.

அடுத்தது மாட்டுவது. பெட்டிக்குள் இரண்டு வயர் இருக்கும். சுருள் சுருளாக இருப்பது ரிசீவருக்கும் போனுக்கும் நடுவில். நேராகத் தட்டையாக இருப்பது லைனுக்கு. இரண்டின் முனைப் பிளக்கும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் சுருள் வயரின் முனை சற்றுச் சின்னது. மாற்றிச் செருகக் கூடாது. பழைய செம்புக் கம்பி லைன் என்றால் சுவரில் உள்ள ரோசட் பெட்டியில் தட்டை வயரைச் செருகுங்கள். ஃபைபர் என்றால் மோடத்தின் பின்னால் போன் படமோ 'டெல்' என்ற எழுத்தோ போட்ட துளையில் செருகுங்கள். பக்கத்திலேயே கம்ப்யூட்டர் வயருக்கான அகலமான துளைகள் இருக்கும். அதில் போன் பிளக்கை அழுத்தித் திணித்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகள் வளைந்துவிடும். சரியான துளையில் 'டிக்' என்று ஓசை கேட்கும். ரிசீவரை எடுத்தால் டயல் டோன் வரவேண்டும்.

செம்புக் கம்பி லைன் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தக் கம்பியில் சும்மா இருக்கும்போது சுமார் 48 வோல்ட் மின்சாரம் இருக்கும். மணி அடிக்கும்போது சுமார் 75 வோல்ட் வரும். வயரைச் சீவிக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் 'சுளீர்' என்று அடிக்கும். வேலை செய்யும்போது லைனைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். ஐப்பசியில் இடி மின்னல் வந்தால் லைன் பிளக்கை உருவி வையுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அதன் வழியே மின்னல் வராது. ஆனால் மோடத்தின் அடாப்டர் கரண்டில்தானே இருக்கிறது? அதையும் உருவ வேண்டும்.

சில மாடல்களில் கண்ணாடிக்குப் பென்சில் செல் போடவேண்டும். செல் தீர்ந்தாலும் பேச்சு கேட்கும், நம்பர் மட்டும் தெரியாது. பொங்கலுக்கு வீட்டுக்கு வரும்போது வருஷத்துக்கு ஒருமுறை புது செல் போட்டுவிடுங்கள். விட்டுவைத்தால் செல் ஒழுகி உள்ளே பச்சை பிடித்துவிடும். அடியிலோ பக்கத்திலோ 'டோன்', 'பல்ஸ்' என்று ஒரு சுவிட்ச் இருந்தால் டோனில் வையுங்கள். பல்ஸில் இருந்தால் "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்னும் இடத்தில் எத்தனை அழுத்தினாலும் எதிர்ப்பக்கம் கேட்காது. தேதியும் நேரமும் சரியாக வையுங்கள். இல்லாவிட்டால் எடுக்காமல் விட்ட அழைப்பு எந்த நேரத்தில் வந்தது என்பதே தெரியாமல் போகும்.

இவ்வளவும் செய்து நம்பர் தெரியவில்லையா? உங்கள் லைனில் காலர் ஐடி வசதி திறந்திருக்கிறதா என்று இணைப்புக் கொடுத்தவர்களிடம் கேளுங்கள். அது போனில் மட்டும் இருந்தால் போதாது, அவர்கள் பக்கத்திலும் திறந்துவிட வேண்டும். கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

நம்பர்களை நினைவில் பதியும்போது ஒரு விதியை மறக்காதீர்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குக் கூப்பிட முன்னால் 0 சேர்க்க வேண்டும். 0 போட்டுப் பத்து எண். கண்ணாடியில் தெரிகிற செல் நம்பருக்கு முன்னால் 0 இல்லை என்றால், திரும்ப அழைக்கும் பொத்தானை அழுத்தியும் போகாது. "தம்பி நம்பருக்குப் போகவே மாட்டேங்குது" என்று அம்மா சொன்னால் முதலில் இதைப் பாருங்கள். முதல் பொத்தானில் மகன், இரண்டாவதில் மகள், மூன்றாவதில் பக்கத்து வீடு என்று 0-வோடு பதிந்து, பொத்தானுக்குப் பக்கத்தில் பெயரை ஒட்டிவிடுங்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்குச் சின்னப் போட்டோவை ஒட்டுங்கள்.

எங்கே வைப்பது? கட்டிலிலிருந்து எட்டும் தூரத்தில், கண்ணாடி மேல் வெளிச்சம் விழுகிற இடத்தில். வயர் நடைபாதையில் குறுக்கே போகக் கூடாது. வயர் தடுக்கி இடுப்பு எலும்பு முறிந்தால் எந்தப் போனும் ஈடு செய்யாது. போனுக்கு மேல் சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அட்டை. ஆம்புலன்ஸ் 108. அவசர உதவி 112. முதியோர் உதவி 14567. பண மோசடி என்றால் 1930. பிறகு குடும்ப டாக்டர் நம்பர்.

இப்போது கரண்ட் பற்றி. இது நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்து நம் பக்கம் வந்தபோது கறம்பக்குடி, ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு சுற்றுவட்டாரத்தில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. செல் கோபுரத்துக்கும் கரண்ட் வேண்டும், கையிலிருக்கும் செல்லுக்கும் வேண்டும். வெளியூரில் இருந்த பிள்ளைகள் எத்தனை பேர் அந்த நாட்களில் வீட்டுக் குரல் கேட்காமல் தவித்தோம்!

செம்புக் கம்பிப் போனுக்கு வீட்டுக் கரண்டே வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் உள்ள பேட்டரியிலிருந்து அந்த 48 வோல்ட் லைன் வழியே வந்துவிடும். கம்பி அறுந்தாலோ எக்ஸ்சேஞ்ச் பேட்டரி தீர்ந்தாலோதான் நிற்கும். ஃபைபரில் அப்படி இல்லை. கண்ணாடி இழை வெளிச்சத்தைக் கொண்டுவருமே தவிர கரண்டைக் கொண்டுவராது. மோடத்துக்கு வீட்டுக் கரண்ட் போனால் போனும் செத்தது. போன் பார்க்கப் பழைய போன்தான், ஆனால் அதன் உயிர் இப்போது மோடத்தில் இருக்கிறது. எனவே ஃபைபர் வைத்திருப்பவர்கள் மோடத்தின் பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், மோடத்துக்கென்றே விற்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரிப் பெட்டியை வாங்கி வையுங்கள். மோடத்தில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்க வேண்டும். ராத்திரி கரண்ட் போன நேரத்தில் நெஞ்சுவலி வந்தால் 108-ஐக் கூப்பிட அந்தப் பெட்டிதான் கைகொடுக்கும்.

சரி, போன் மாட்டியாயிற்று, நம்பரும் தெரிகிறது. அதை எப்படிப் படிப்பது?

04322 என்று தொடங்கினால் புதுக்கோட்டை, 04371 என்றால் அறந்தாங்கி. வெளிநாட்டு எண்ணில் 65 சிங்கப்பூர், 60 மலேசியா, 971 அமீரகம், 966 சவூதி, 965 குவைத், 974 கத்தார். உங்கள் பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறானோ அந்த எண்ணை மட்டும் சுவர் அட்டையில் எழுதிப் போடுங்கள், போதும். 140 என்று தொடங்கினால் வியாபார விளம்பரம். வங்கிகளும் அரசு அலுவலகங்களும் வாடிக்கையாளரைக் கூப்பிடுவதற்காக 1600 என்று தொடங்கும் வரிசையைத் தொலைத்தொடர்புத் துறை 2024-ல் ஒதுக்கியது. ஒரே ஒரு மணி அடித்து நின்றுவிடும் முன்பின் தெரியாத வெளிநாட்டு நம்பருக்குத் திரும்பக் கூப்பிடவே கூடாது. ஐ.எஸ்.டி. கட்டணம் நம் தலையில் விழும். வெளிநாட்டுக்கு இங்கிருந்து பேசும் தேவை இல்லாத வீட்டில் ஐ.எஸ்.டி.யைப் பூட்டிவைப்பது நல்லது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

கண்ணாடியில் தெரிவது நம்பர். ஆள் அல்ல. கூப்பிடுகிறவன் இணையத்தின் வழியே கூப்பிட்டு, தன் நம்பருக்குப் பதிலாக வேறு நம்பரைக் காட்ட முடியும். வெளிநாட்டிலிருந்து பேசிக்கொண்டே 91 என்று தொடங்கும் இந்திய நம்பரைக் காட்டினார்கள். அப்படிப்பட்ட போலி அழைப்புகளைத் தடுக்க மத்திய அரசு 2024 அக்டோபரில் தனி ஏற்பாடு ஒன்றைத் தொடங்கி, கோடிக்கணக்கில் தடுத்து வருகிறது. அப்படியும் எல்லாமே வடிகட்டப்படும் என்று நம்பி உட்கார முடியாது. நம்பரோடு பெயரையும் காட்ட வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் டிராய் பரிந்துரை செய்தது. நல்லதுதான். ஆனால் அந்தப் பெயர், இணைப்பு வாங்கியபோது கொடுத்த பெயர். அடுத்தவர் பெயரில் சிம் வாங்கியவனுக்கு அடுத்தவர் பெயர்தான் காட்டும்.

"உங்க போன் இன்னும் ரெண்டு மணி நேரத்துல துண்டிக்கப்படும், 9-ஐ அழுத்துங்க" என்று ஒரு பதிவுக் குரல் வரும். அழுத்தினால் அதிகாரி மாதிரி ஒருவன் பேசுவான். உங்கள் ஆதாரில் யாரோ குற்றம் செய்திருக்கிறார்கள், போலீஸ் தேடுகிறது, யாரிடமும் சொல்லக் கூடாது, போனை வைக்கக் கூடாது என்பான். கடைசியில் சேமிப்புப் பணத்தை 'சரிபார்க்க' அனுப்பச் சொல்வான். போன் இணைப்பைத் துண்டிக்கப்போவதாக டிராய் யாரையும் கூப்பிடுவதில்லை என்று அந்த அமைப்பே அறிவித்திருக்கிறது. 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் 27-ம் தேதி வானொலி உரையில் இதைச் சொன்னார்.

இதில் படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இல்லை. ஓய்வுபெற்ற அதிகாரிகள், டாக்டர்கள், பேராசிரியர்கள் எல்லாம் ஏமாந்திருக்கிறார்கள். ஏன் ஏமாறுகிறார்கள்? பேராசை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. நம் அப்பா அம்மா எந்த மணி அடித்தாலும் எடுக்கிறார்கள். ஏனென்றால் அது நாமாக இருக்குமோ என்று நினைக்கிறார்கள். நாம் வாரத்துக்கு ஒருநாள், அதுவும் என்ன நேரம் என்று சொல்லாமல் கூப்பிடுகிறோம். அந்த ஒரு அழைப்பைத் தவறவிடக் கூடாதே என்று மற்ற பத்து அழைப்பையும் எடுக்கிறார்கள். மோசக்காரன் நுழைவது அந்த வாசல் வழியாகத்தான்.

காலர் ஐடி போனின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. தெரியாதவன் யார் என்று கண்டுபிடிக்க அது உதவாது. தெரிந்தவர் யார் என்று காட்ட உதவும். மகன் நம்பர், மகள் நம்பர், டாக்டர் நம்பர் தெரிந்தால் எடுங்கள். தெரியாத நம்பரா, மணி அடித்து ஓயட்டும். உண்மையிலேயே வேலை இருக்கிறவர் மறுபடி கூப்பிடுவார். நம்பர் கண்ணாடியின் பட்டியலில் இருக்கும், சாயங்காலம் பிள்ளையிடம் படித்துக் காட்டலாம். எடுக்காமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று நம் பெரியவர்கள் நினைக்கிறார்கள். இல்லை, எடுக்காமல் இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று நாம்தான் சொல்லித் தர வேண்டும். அதற்குப் பதிலாக நாமும் ஒன்று செய்ய வேண்டும். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன நம்பரிலிருந்து கூப்பிடுவேன் என்று சொல்லி, அதே நேரத்தில் கூப்பிட வேண்டும்.

எடுத்துவிட்டார்கள், பணம் பற்றியோ போலீஸ் பற்றியோ பேச்சு வருகிறது என்றால் ஒரே விதிதான். வைத்துவிட வேண்டும். வைத்த பிறகு சில நிமிடம் பொறுத்து, டயல் டோன் வந்துவிட்டதா என்று கேட்டு, பாஸ்புக்கில் அச்சடித்திருக்கும் வங்கி நம்பருக்கோ பிள்ளைக்கோ நாமாகக் கூப்பிட வேண்டும். அவன் கொடுத்த நம்பருக்கு அல்ல. டோன் வராவிட்டால் எதிர்ப்பக்கம் இன்னும் லைனைப் பிடித்திருக்கலாம், காத்திருங்கள். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. இப்போது கம்ப்யூட்டரை வைத்து மகன் குரல் மாதிரியே, "அம்மா, ஆக்சிடென்ட் ஆயிருச்சு, உடனே பணம் அனுப்பு" என்று பேச வைக்கிறார்கள். அதற்கு நம் வீட்டுக்குள்ளேயே ஓர் அடையாளச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். குலதெய்வத்தின் பெயர் வேண்டாம், அது ஊருக்கே தெரியும். சின்ன வயதில் வளர்த்த மாட்டின் பெயர், பழைய வீட்டுக் கிணற்றடியில் நின்ற மரம், இப்படி ஒன்று. அதைச் சொல்லாதவன் நம் பிள்ளை இல்லை. அப்படியும் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930-க்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை நடுவழியில் முடக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் திட்டக் கூடாது. திட்டுவார்கள் என்ற பயத்தில்தான் பலர் இரண்டு நாள் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

"இதெல்லாம் கிராமத்துக் கிழவிக்கு வருமா?" என்று யாராவது கேட்டால், புதுக்கோட்டைக்காரர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பேன். 1990-களின் தொடக்கத்தில் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் ராத்திரி அரிக்கேன் விளக்கில் எழுத்தும் எண்ணும் படித்தார்கள். அதோடு ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி அந்தச் செய்தி உலகம் முழுக்கப் போயிற்று. அன்றைக்கு 'பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்' என்றவர்கள் வாயடைத்துப் போனார்கள். அந்தப் பெண்கள்தான் இன்று நம் வீட்டில் இருக்கும் பாட்டிகள். பத்து எண்ணைப் படிக்க அவர்களுக்குத் தெரியும். சைக்கிள் பிடித்துக்கொண்டு கூடவே ஓடியவர் அன்றைக்கு ஒருவர் இருந்தார். இன்றைக்குக் கூட உட்கார்ந்து சொல்லித் தரத்தான் ஆள் இல்லை.

எப்படிச் சொல்லித் தருவது? நீங்கள் அடுத்த அறைக்குப் போய் உங்கள் செல்லிலிருந்து கூப்பிடுங்கள். இரண்டு மணி பொறுத்து, நம்பரைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். பிறகு நண்பர் ஒருவர் செல்லிலிருந்து கூப்பிடுங்கள். எடுக்காமல் விடச் சொல்லுங்கள். மூன்றாவது தடவை நீங்களே மோசக்காரன் மாதிரி மிரட்டிப் பேசுங்கள். டொக்கென்று வைக்கப் பழக்குங்கள். சிரித்துக்கொண்டே செய்யலாம். ஒரு சாயங்காலம் போதும். வைத்ததற்காக நீங்கள் கைதட்டினால், அடுத்த முறை நிஜமான மோசக்காரனிடமும் வைப்பார்கள்.

நண்பர்களே, இந்த ஒன்றுகூடல் முடிந்து நாம் எல்லோரும் ஊருக்குத் திரும்புமுன் பெரியவர்களைப் பார்க்கப் போவோம். போகும்போது வழக்கமான பழமும் ஸ்வீட்டும் இருக்கட்டும். கூடவே ஒரு போனும், செல்லும், ஒரு வெள்ளை அட்டையும் தடித்த பேனாவும் வாங்கிக்கொண்டு போங்கள். போன் ஏற்கெனவே இருக்கிற வீட்டில் செல்லை மாற்றி, தேதியைச் சரிசெய்து, நம்பர்களைப் பதிந்து, மோடத்துக்கு பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் செய்துகொடுங்கள். நம் சங்கத்தில் உள்ளூரில் இருக்கும் உறுப்பினர்கள் முன்வந்தால், வெளிநாட்டில் இருக்கும் உறுப்பினர்களின் வீடுகளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை போய் இதைச் செய்துதரலாம் என்பது என் வேண்டுகோள். பொறுப்பாளர்கள் இதை அடுத்த செயற்குழுவில் வைத்துப் பேசினால் மகிழ்வேன். முதல் நான்கு வீடுகளுக்கு நான் வருகிறேன்.